துடக்கு மாதச் சந்தா

காங்கேசன்துறையில் வெறுமையாகப் புறப்பட்ட பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் தயாளினி இருக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி யாழ்ப்பாணம் வரை நின்றே வந்தாள். கொண்டக்டர் ஒன்றிரண்டு தரம் இருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு விசர் என்று விட்டுவிட்டான். இருந்தால் யோசனை வரும். நின்றால் கால்வலி மட்டும்தான் வரும். அவளுக்கு அன்றைக்குக் கால்வலி போதும்.

பிற்பகல் குருநகரில், சனசமூக நிலைய மண்டபத்தில், நண்டுத் தொழிற்சாலைச் சங்கத்தின் பொதுக்கூட்டம். நிர்வாகம் நீட்டியிருக்கிற ஒப்பந்தத்தை ஏற்பதா விடுவதா என்று வாக்கெடுப்பு. ஒப்பந்தத்தில் எல்லாருக்கும் சம்பள உயர்வு இருந்தது. கடைசிப் பந்தியில், இடைநிறுத்தப்பட்ட இருவருடைய விடயம் பின்னர் தனியாகப் பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது. இருவரில் ஒருத்தி தயாளினி, மற்றவள் ஜெசிதா. கொம்பனிக்காரன் 'பின்னர்' என்று எழுதினால் அது ஒருநாளும் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளப் பட்டப்படிப்புத் தேவையில்லை. தயாளினியிடம் அதுவும் இருந்தது. கடலுக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டதாரி. அரசாங்க வேலைக்கு வருடக்கணக்காகக் காத்திருந்து அலுத்து, கடைசியில் நண்டுச் சதையில் ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று பார்க்கிற மேசைக்கு வந்து சேர்ந்தவள்.

அவளும் ஜெசிதாவும் செய்த குற்றம் சின்னது. குளிர் அறைப் பக்கமிருந்து அமோனியா நாற்றம் மூக்கைப் பிய்த்துக்கொண்டு வந்த அன்று, கத்தியைப் போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள் என்று கத்தினார்கள். பெண்கள் இருமிக்கொண்டு போய் மதிலோரம் நின்றார்கள். அன்றைய நண்டு பழுதாய்ப் போனது. வேலையைக் குழப்பத் தூண்டியவர்கள் என்று இருவருக்கும் கடிதம் வந்தது.

வாக்கெடுப்பில் ஜெசிதாவுக்கு வாக்கு இருந்தது. தயாளினிக்கு இல்லை.

அது நடந்த விதம் இப்படி. சந்தாவைச் சம்பளத்தில் வெட்டித் தர நிர்வாகம் மறுத்திருந்ததால், சம்பள நாளில் சாப்பாட்டு அறையில் வைத்துச் சங்கத்துப் பொருளாளர் செல்வநாயகியக்கா கையால்தான் சேர்ப்பாள். இடைநிறுத்தியவர்களைக் காவலாளி கேற்றுக்குள் விடமாட்டான். இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகியக்காவே தேடிப்போய், மாதா கோயில் வாசலில் வைத்து ஜெசிதாவிடம் நிலுவையெல்லாம் வாங்கிக்கொண்டாள். அதே கையோடு தயாளினி வீட்டுக்கு வருவதாக இருந்தவள், செத்த வீட்டுக்குத்தான் வந்தாள். தயாளினியின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

சவம் எடுத்து மூன்றாம் நாள் அது. தயாளினி உள்ளே போய்க் காசை எடுத்து வந்து நீட்டினாள். செல்வநாயகி சுடுபட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். சாவுத் துடக்கு வீட்டில் காசு கைமாற்றுவதில்லை, முப்பத்தொன்றாம் நாள் கிரியை கழியட்டும் என்றாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல்தான் படலையைத் தாண்டிப் போனாள். தயாளினிக்கும் அது சரியென்றே பட்டது. அம்மா சுவரோடு சாய்ந்து குரலில்லாமல் அழுதுகொண்டிருக்கிற வீட்டில் சங்கத்து யாப்பு விதி யாருக்கு ஞாபகம் வரும்? முப்பத்தொன்று வர முன்னமே மூன்றாவது சம்பள நாளும் போய், வாக்குரிமை உள்ளவர்களின் பெயர்ப்பட்டியலை மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சந்தா நிலுவையென்றால் வாக்கில்லை.

அந்த விதியை எழுதியவள் தயாளினி. சங்கம் தொடங்கிய காலத்தில், சந்தா கட்டாமல் வாக்குப் போட மட்டும் வருகிறவர்களைக் கண்டு பற்றிக்கொண்டு வந்து, ஒரே இருப்பில் எழுதிய விதி. எழுதும்போது நல்ல சந்தோசமாக இருந்தது. இப்போது அந்த வசனம் செருப்புக்குள் போன கல் மாதிரி நடக்க நடக்கக் குத்தியது.

மண்டபத்தில் காற்றாடி சுற்றியும் வியர்த்தது. பெண்கள் நெருக்கி இருந்தார்கள். எவ்வளவு குளித்தாலும் போகாத நண்டு மணம் மண்டபத்துக்குள்ளும் இருந்தது. முன்மேசையில் தலைவர் பிரகாஸ், பக்கத்தில் பெயர்ப் பதிவோடு செல்வநாயகி. பிரகாஸ் குளிர் அறை இயந்திரங்களைப் பார்க்கிறவர். கெட்ட மனிதன் இல்லை. நிர்வாகத்தோடு மாதக்கணக்காகக் கதைத்துக் களைத்தவர், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக விரும்பினார். தயாளினி கதவடியில் நின்றாள். இடம் காட்டினார்கள், இருக்கவில்லை.

"தங்கச்சி, நீங்கள் இருக்கலாம், கதைக்கலாம். வாக்குப் போடேலாது," என்றார் பிரகாஸ். "ஆறாம் விதி. ஆர் எழுதினதெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"நான்தான் எழுதினன். மடைச்சி மாதிரி எழுதியிருக்கிறன்," என்றாள் தயாளினி. "எண்டாலும் நான் காசு நீட்டினனான். செல்வநாயகியக்கா, நீட்டினனானோ இல்லையோ?"

செல்வநாயகி நிமிரவில்லை. மூன்று பிள்ளைகளை ரியூசனுக்கு விட்டிருக்கிறவள், அந்தச் சம்பள உயர்வு வந்தால் போதுமென்று நேர்த்தி வைத்திருக்கிறவள். பேனையை மூடித் திறந்து, திறந்து மூடினாள்.

"நீட்டினது. நான்தான் வாங்கேல்லை. துடக்கெண்டு விட்டிட்டன்."

நீட்டியது வேறு, கட்டியது வேறு என்றார் பிரகாஸ். பின்வரிசையிலிருந்த பாலேஸ்வரி, நண்டு ஓடு உடைக்கிற மேசையில் வாய்க்குப் பேர்போனவள், எழும்பாமலே கேட்டாள்:

"உங்கடை அம்மா செத்த துடக்கிலையும் அக்கா உங்களிட்டை வாங்கேல்லைத்தானே அண்ணை?"

"நான் அடுத்த மாசம் சேத்துக் கட்டினனான்."

"கேற்றுக்குள்ளை விட்டவங்கள், கட்டினியள்."

இந்தத் தரம் சிரித்தவர்கள் கூட. பிரகாஸ் மண்டபத்தை ஒரு தரம் பார்த்தார். கூட்டத்தின் போக்குப் பிடிபட்டது. சரி, சபை விரும்பினால் இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுக்கலாம், தனக்கு மறுப்பில்லை, விருப்பமானவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். ஜெசிதாவின் கைதான் முதலில் போனது. பிறகு அங்கொன்று இங்கொன்றாக, பாவம் பார்த்து, கைகள் எழும்பத் தொடங்கின.

பாவம் பார்த்து. அதுதான் தயாளினிக்கு நெஞ்சில் ஏறியது. தகப்பன் செத்த பிள்ளை என்று பார்க்கிற பார்வையை இந்த ஒரு மாதமாக ஊரில் பார்த்து அலுத்திருந்தாள்.

"கையை இறக்குங்கோ," என்றாள்.

இறக்கவில்லை. விளங்காமல் பார்த்தார்கள்.

"இண்டைக்கு நீங்கள் கை தூக்கித் தந்தால், நாளைக்குக் கை தூக்கிப் பறிக்கலாம். கேற்றைப் பூட்டினது கொம்பனி. வெளியிலை நிண்டவளைப் பாத்து ஏன் உள்ளுக்கு வந்து சந்தா கட்டேல்லை எண்டு கேக்கிறது எங்கடை சங்கம். வெக்கமா இல்லையோ? விதியை மாத்துங்கோ. இடைநிறுத்தின காலத்துக்குச் சந்தா ஓடாது, வாக்கு நிக்கும். எனக்கெண்டில்லை, ஆருக்கெண்டாலும்."

ஜெசிதா அவள் கையைப் பிடித்து இழுத்து, கீழ்க்குரலில் பல்லைக் கடித்தாள். "விசரே உனக்கு? தாறதை வாங்கடி. என்ரை வேலையும் இதுக்குள்ளைதான் கிடக்கு."

அது உண்மை. ஆனாலும் தயாளினி சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

பிரகாஸ் முகத்தைத் துடைத்தார். விதியை மாற்றுவதென்றால் இரண்டு கிழமைக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும், அதையும் யாப்பில் எழுதியது இவதான் என்று நினைவூட்டினார். இன்றைக்கு வாக்கெடுப்பு நடக்கும். முதலில் வரவைப் பதியப் பெயரைக் கூப்பிடச் சொல்லிச் செல்வநாயகியிடம் திரும்பினார்.

செல்வநாயகி பதிவை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீங்களே கூப்பிடுங்கோ தம்பி. என்னாலை ஒரு பிள்ளையின்ரை வாக்குப் போச்சு. விதி முந்தட்டும், ஒப்பந்தம் பிந்தட்டும்." சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் பெண்களுக்கு நடுவில் இருந்தாள்.

பிரகாஸ் தானே கூப்பிட்டார். முதல் பெயருக்கு ஓம் என்று பதில் வந்தது. அடுத்ததற்கும் வந்தது. பாலேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டபோது, பின்வரிசையில் அவர் கண்ணுக்கு நேரே இருந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த பாலேஸ்வரி கூரையைப் பார்த்தாள். இன்னொரு தரம் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கெதியாக விசிறினாள். செல்வநாயகி தன் பெயருக்கு நகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அது கண்ணோய் மாதிரிப் பரவியது. முழங்காலில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிற பெண்கள், தங்கள் பெயரைக் கேட்டுச் செவிடாகிப் போனார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, தலைப்பை வாய்க்குள் திணித்தாள்.

எல்லாரும் அப்படியில்லை. சம்பள உயர்வை உடனே வேண்டிநின்ற வினோஜாவும் அவள் பக்கத்தவர்களும் தொண்டை கிழிய ஓம் சொன்னார்கள். ஆனாலும் அங்கத்தவர்களில் பாதிப்பேர் பெயருக்குப் பதில் சொல்லிச் சமூகம் தந்தால்தான் தீர்மானம் செல்லும். பதிவை முடித்தபோது பாதி வரவில்லை. நிறைந்து வழிகிற மண்டபத்தைப் பார்த்து, போதிய ஆட்கள் இல்லாததால் கூட்டம் இரண்டு கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று பிரகாஸ் அறிவித்தார்.

கலைகிறபோது வினோஜா தயாளினிக்கு முன்னால் வந்து நின்றாள். வயிற்றில் பிள்ளையோடு நின்றபடி சதை எடுக்கிறவள்.

"உனக்கு விதி. எனக்கு ரெண்டு கிழமை பழைய சம்பளம். நல்லா இரு."

கோபத்துக்குக் கோபம் கொடுத்தே பழகிய தயாளினி வழியை விட்டு ஒதுங்கினாள். "ஓம்," என்றாள். வினோஜா போய்விட்டாள். ஜெசிதாவும் கதையாமல் வெளியே போய் மதிலடியில் நின்றாள். வீட்டுக்குப் போகவுமில்லை.

பிரகாஸ் மண்டபத்தைப் பூட்டி மோட்டார்சைக்கிளை எடுக்கப் போனார். இன்றைக்கே அறிவித்தலைக் கொடுத்தால்தான் இரண்டு கிழமை சரிவரும். தயாளினி கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, அவருடைய மோட்டார்சைக்கிள் இருக்கையிலேயே வைத்து எழுதினாள். முந்தி ஒரே மூச்சில் எழுதியவளுக்கு இப்போது ஒரு வசனம் நகர மறுத்தது. எழுதி வெட்டினாள். வெட்டி எழுதினாள். பிரகாஸ் மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் ஆட்டியபடி வெயிலில் நின்றார். அவசரப்படுத்தவில்லை.

வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப நாளைக்கு என்னை நிப்பாட்டினாலும் என்ரை வாக்கு நிக்கும்."

"ஓம் அண்ணை. எனக்கு எதிராப் போடுற வாக்கெண்டாலும் நிக்கும்."

அவர் கைச்சாத்திட்டு, திகதி போட்டு, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மோட்டார்சைக்கிள் திரும்பிப் போனது. தயாளினி மதிலடிக்கு, ஜெசிதாவிடம் ஏச்சு வாங்க நடந்தாள்.