கடித்த நாயின் சௌக்கியம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக வீரசோழன் போய்த் திரும்பும் தனியார் பஸ் ஒன்றில் ஜான்ராஜ் கண்டக்டராக இருந்தான். எண்பத்தேழாம் வருஷம், மழை ஏமாற்றிய ஒரு புரட்டாசியில், வீரசோழனில் வைத்து அவனை நாய் கடித்தது.

டிரைவர் கருத்தப்பாண்டி வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். ஜான்ராஜ் விசிலை ஊதிக்கொண்டே, வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போனான். திடீரென்று வலது கெண்டைக்காலில் நெருப்பு வைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு செவலை நாய் புரோட்டாக் கடைப் பக்கம் ஓடிவிட்டது. காக்கிக் கால்சட்டை கிழிந்து ரத்தம் செருப்பு வரை இறங்கியது.

நாயை மிதித்தோமா இல்லையா என்பது அவனுக்குத் தெரியவில்லை. மிதித்திருந்தால் அது கடித்ததில் நியாயம் இருக்கிறது. மிதிக்காமலே கடித்திருந்தால்? அப்படிக் கடிப்பது வெறிநாய்தான்.

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பயணி டப்பாவைத் திறந்து காயத்தில் சுண்ணாம்பை அப்பினார். மிளகாய்ப்பொடிதான் விஷத்தை முறிக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கருத்தப்பாண்டி ஜாக்கி ராடை உருவிக்கொண்டு இறங்கினான்.

“எங்கலே அந்த நாயி? அதக் கொன்னாத்தான் ஒனக்கு ஏறுன வெசம் எறங்கும்.”

புரோட்டாக் கடை மதார் மைதீன் வாசலை மறித்து நின்றார். அவர் கடை மிச்சத்தில் வளர்ந்த நாய் அது. “அது என் நாயில்ல டிரைவரே,” என்றார். “ஆனா யாவார நேரத்துல என் கடை வாசல்ல அடிச்சுக் கொல்ல விடமாட்டேன்.” இந்த வாக்குவாதத்துக்குள் நாய் எங்கோ நழுவிவிட்டது.

நரிக்குடி ஆஸ்பத்திரி போகிற வழியில்தான் இருந்தது. பயணிகளோடு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஜான்ராஜ் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார்.

“என்ன இது வெள்ளையா?”

“சுண்ணாம்பு வச்சாகம்மா.”

“சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?”

“தண்ணி பட்டா வெசம் ஏறும்னு சொன்னாகளே.”

டாக்டரம்மா அவனைக் கொல்லைக் குழாய்க்குக் கூட்டிப்போய் சோப்புக் கட்டியைக் கையில் கொடுத்தார். தேய்க்கச் சொன்னார். போதும் என்று அவன் காலை எடுத்தபோது இன்னும் தேய்க்கச் சொன்னார். வெளியே கருத்தப்பாண்டி ஹாரன் அடித்து அலுத்துப்போன பிறகும் விடவில்லை.

“கிருமி நாயோட எச்சில்ல இருக்குங்க. ஒட்டியிருக்கிற எச்சிலக் கழுவி விடுறதுதான் மொதல் வைத்தியம். சுண்ணாம்பு, மிளகாயெல்லாம் புண்ணைத்தான் பெருசாக்கும்.”

பிறகு கையில் ஓர் ஊசியும், தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் ஊசியும் போட்டார். வயிற்றில் போட்டது எரிந்துகொண்டே உள்ளே போனது. தினமும் வந்து போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் ஜான்ராஜை வியக்க வைத்தது.

“நாய் உயிரோட இருக்கா?”

“இருக்குதும்மா. டிரைவர் அதக் கொல்லணும்னு நிக்கான். நாய் செத்தா வெசமும் செத்துருமாம்ல?”

“கிருமி ஏறியிருந்தா அது இப்ப உங்க கால்ல இருக்கு. நாயைக் கொன்னா அது எப்படிச் சாகும்?” டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அந்த நாயை நல்லாப் பாத்துக்கங்க. கடிக்கும்போது எச்சில்ல கிருமி இருந்திருந்தா, பத்து நாளைக்குள்ள அதுக்கே நோய் முத்திச் செத்துப்போகும். பத்து நாள் தாண்டி நல்லா நடமாடுனா உங்களுக்கு ஒண்ணுமில்ல. ஊசியையும் நிறுத்திரலாம். அதுவரைக்கும் ஊசியை ஒரு நாளும் விடக்கூடாது. நாய்கிட்டயும் யாரும் நெருங்க வேணாம்.”

தன்னுடைய உயிர்க் கவலை ஒரு தெருநாயின் உயிரோடு இப்படி முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று ஜான்ராஜ் நினைத்ததே இல்லை. பஸ்ஸில் ஏறி அதைச் சொன்னான். கருத்தப்பாண்டி ராடைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான். ஆனால் மனசு ஒப்பவில்லை என்பது கியர் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

சேதி கேட்ட மதார் மைதீன் மறுநாள் தூரத்திலிருந்தே சுருக்குக் கயிறு வீசி நாயைப் பிடித்து, கடைக்குப் பின்னாலிருந்த கருவேல மரத்தில் கட்டினார். சோற்றை ஒரு நீளக் கம்பால் தள்ளிவிட்டார். “கண்டக்டர் தம்பிக்காகத்தான். என் நாயில்ல அது,” என்று நாய்க்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டார்.

சேதி பஸ்ஸோடு பரவியது. திருச்சுழியில் ஏறுகிறவர்கள் டிக்கெட்டுக்குக் கையை நீட்டும்போதே, “நாயி எப்படி இருக்கு கண்டக்டரே?” என்று கேட்டார்கள். சந்தைக்குப் போகிற ஆட்டு வியாபாரிகள் நேராகக் கருவேல மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாலை ஆட்டுகிறது, காதைச் சொறிகிறது என்று தகவல் சொன்னார்கள். கூடவே ஆளுக்கொரு பத்தியமும் சொன்னார்கள். கோழிக்கறி ஆகாது. கத்தரிக்காயைக் கண்ணால் பார்க்கக்கூடாது. கிணற்றை எட்டிப் பார்த்தால் உள்ளே நாய் முகம் தெரியும்.

கடைசியாகச் சொன்னது ஜான்ராஜை விடவில்லை. காலையில் எழுந்ததும் குடத்துத் தண்ணீரில் முகத்தைப் பார்த்தான். அவன் மனைவி எலிசபெத் அதைக் கவனித்துவிட்டாள்.

“என்ன தெரியுது?”

“சவரம் பண்ணாத மூஞ்சிதான் தெரியுது.”

“அப்ப சவரம் பண்ணுங்க,” என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுப்படியில் அவள் ஜெபம் பண்ணுவது அவனுக்குக் கேட்டது.

பயத்தோடு பயமாக, அவனுக்கு ஒரு ஆர்வமும் வந்திருந்தது. வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்தில் எட்ட உட்கார்ந்து நாயைப் பார்ப்பான். ஒரு காதில் பழைய வெட்டு இருந்தது. அவன் எறிந்த பன் ரொட்டியை முதலில் மோந்து பார்த்து, மண்ணில் புரட்டி, அப்புறம்தான் தின்றது. ஹாரன் கேட்டால் எழுந்து நின்றது. இத்தனை வருஷமாகத் தன் வண்டி நிழலில் படுத்த நாயை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பத்து நாளில் பாதி கழிந்திருந்தபோது, ஒரு நாள் காலை மரத்தடியில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. மதார் மைதீன் கையைப் பிசைந்தார். “ராத்திரி கடிச்சு அத்துட்டுப் போயிருச்சு தம்பி.”

ஜான்ராஜ் கருத்தப்பாண்டியைப் பார்த்தான்.

“என்னையப் பாக்காத மாப்ள. நான் தொடல,” என்றான் கருத்தப்பாண்டி. குரல் இறங்கியிருந்தது. “நான் கொல்லணும்னு சொன்னது ஒன் நல்லதுக்குத்தாம்லே.”

அன்று மத்தியானம் வண்டி மறுபடி வீரசோழனை நெருங்கியபோது, விறகுக் கட்டோடு ஒரு பெண் கையை ஆட்டி நிறுத்தினாள். மாரிக்கனி என்று பெயர், தினம் ஏறுகிறவள். “கண்டக்டரே, ஒங்க நாயி அந்தா கம்மாய்க்குள்ள கெடக்கு. அசையக் காணோம்.”

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. ஜான்ராஜுக்கு வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் ஒரே நேரத்தில் வலித்தது. அவனும் கருத்தப்பாண்டியும் இறங்கிக் கரைமேல் ஏறினார்கள். வற்றிய கண்மாயின் நடுவில் கொஞ்சம் சகதித் தண்ணீர் கிடந்தது. அதன் ஓரத்தில் நாய் கால்களை நீட்டிப் படுத்திருந்தது.

“செத்துருச்சா?” என்று ஜான்ராஜ் கேட்டான்.

கருத்தப்பாண்டி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து நாய்க்குத் தள்ளி எறிந்தான். நாய் தலையைத் தூக்கியது. எழுந்து சோம்பல் முறித்து, போய்ச் சகதித் தண்ணீரைச் சளப்சளப்பென்று நக்கிக் குடித்தது.

“தண்ணி குடிக்குலே! நாயி தண்ணி குடிக்கு!” கருத்தப்பாண்டி கரையிலிருந்து கத்தினான். பஸ்ஸுக்குள் கைதட்டல் கேட்டது.

ஆனால் அதை ஊருக்குக் கொண்டுபோவது எப்படி? யாரும் தொடக்கூடாது. கருத்தப்பாண்டி யோசித்துவிட்டு, தன் தூக்குவாளியிலிருந்த கருவாட்டுக் குழம்புச் சோற்றை எடுத்து வந்து கரையில் ஒரு பிடி, ரோட்டோரத்தில் ஒரு பிடி வைத்தான். அவனுடைய மத்தியானச் சாப்பாடே அதுதான். மீதி வாளியைப் பின்படியில் மூடாமல் வைத்துவிட்டு வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் நகர்த்தினான். கருவாட்டு வாசத்துக்கு நாய் பின்னாலேயே ஓடி வந்தது. பின்சீட்டுப் பெண்கள், “வருது... வருது... நிக்குது, மெதுவாப் போங்க!” என்று டிரைவருக்குச் சேதி சொல்லிக்கொண்டே வந்தார்கள். அன்று வண்டி நேரம் தவறிப் போனதற்கு ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை.

மதார் மைதீன் இந்தமுறை சங்கிலி வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் ஊசிக்குப் போனபோது ஜான்ராஜ் பெருமையாகச் சொன்னான். “தண்ணி குடிச்சிருச்சும்மா. அப்ப வெறி இல்லதானே?”

“அதை வச்சுச் சொல்ல முடியாது. நோய் வந்த நாயும் தண்ணி குடிக்கும், தண்ணிக்குள்ள எறங்கக்கூடச் செய்யும். பத்து நாள் தாண்டட்டும்,” என்றார் டாக்டரம்மா. அவன் முகம் வாடியதைப் பார்த்து, “நீங்க கத்தரிக்காய் தின்னலாம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

பத்து நாளும் தாண்டியது. நாய் முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இனி ஊசி வேண்டாம் என்றார். ஜான்ராஜ் எழுந்தவன் போகாமல் நின்றான்.

“ஒண்ணு கேக்கலாமாம்மா? நாய்க்கு அது எங்கிட்டு இருந்து வருது?”

“நோய் வந்த இன்னொரு பிராணி கடிச்சா வரும்.”

“அப்ப இந்த நாயி நாளைக்கே வேற நாயிட்டக் கடி வாங்குனா?”

“வாங்குனா வரலாம். அதுக்கு முன்னாடியே நாய்க்கும் தடுப்பூசி போடலாம். மாட்டாஸ்பத்திரியில கேளுங்க.”

அடுத்த வாரம் கருத்தப்பாண்டி அந்த நாயைச் சங்கிலியோடு பின்படியில் ஏற்றினான். கூட்டமாக இருந்தும் பயணிகள் பின்சீட்டை அதற்கு விட்டுக்கொடுத்தார்கள். மதார் மைதீன் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

“யாரு நாய்ங்க?” என்று கால்நடை டாக்டர் கேட்டார். கருத்தப்பாண்டி மதார் மைதீனைப் பார்த்தான். அவர் மேலே கூரையைப் பார்த்தார். கடைசியில், “நம்ம நாய்தான், போடுங்க,” என்று முனகினார்.

ஜான்ராஜ் உள்ளே போகவில்லை. இன்னும் அவனுக்குப் பக்கத்தில் போகப் பயம் இருந்தது. வாசலில் நின்றான். உள்ளே நாய் ஒருமுறை வீலென்று கத்தியது. அவனை அறியாமலே கை வயிற்றுக்குப் போனது.

“அம்புட்டுத்தாம்லே, முடிஞ்சிருச்சு,” என்று உள்ளிருந்து கருத்தப்பாண்டி நாயிடம் சொல்வது கேட்டது.