வாசலுக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய்

1

இந்தக் கதையை என் தங்கையின் வயிற்றிலிருந்து திருடினேன். அவளுக்கும் தெரியும். "என்னைப் பத்தி எழுதினே, கையை ஒடிச்சிருவேன்" என்றவள், பிறகு "எழுதறதுதான் எழுதறே, ஒழுங்கா எழுது" என்று இறங்கி வந்தாள்.

(கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவரைத் திருத்துவதே பிழைப்பு. என் வாக்கியங்களுக்கும் அதே கதி.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகம் கவிந்த அந்தக் காலைப்பொழுதில், விதி தன்..."

"காலையா? நீ எந்தக் காலத்துல காலையில எழுந்திருச்சே? ஸ்கேனுக்கு மத்தியானம்தான் போனோம்."

அடித்துவிட்டேன்.

2

மத்தியானம். அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டதால் நான் துணைக்குப் போனேன். ஸ்கேன் அறையில் அரை இருட்டு. டாக்டரம்மா வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே தங்கையின் தொழிலை விசாரித்துவிட்டு, "எனக்கு ரிவர்ஸ் மட்டும் வரவே மாட்டேங்குதும்மா" என்று அலுத்துக்கொண்டார். தங்கை படுத்தபடியே பாடம் எடுத்தாள். குழந்தையின் தலை சரி, முதுகெலும்பு சரி, இதயம் சரி.

பிறகு டாக்டர் பேசவில்லை.

(அந்த மௌனத்துக்கு ஓர் உவமை தேடினேன். "கிணற்றுக்குள் விழுந்த கல்..." வேண்டாம். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் பேசவில்லை. அதைவிடப் பயங்கரமான உவமை என்னிடம் இல்லை.)

"ரத்த ஓட்டத்தைக் கலர் போட்டுப் பாக்கறேன்" என்றார். திரையில் கீழ்ப்பக்கமாகச் சிவப்பாக ஒரு கோடு துடித்தது. அதன் நாடியைக் கேட்டார். டக்டக்டக்கென்று ஒரே ஓட்டம்.

"உங்க நாடி இவ்வளவு வேகமா ஓடாது. இது குழந்தையோடது."

என்னை வெளியே அனுப்பி, உள்வழியாகவும் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டார். திரும்பக் கூப்பிட்டதும் விளக்கினார். "தொப்புள்கொடி, கருப்பையில ஒட்டியிருக்கற நஞ்சுல நேராப் போய்ச் சேரணும். இங்க அதோட ரத்தக்குழாய் தனியாப் பிரிஞ்சு, பனிக்குடத்துச் சவ்வு மேல படர்ந்து, கருப்பை வாசலுக்குக் குறுக்க ஓடுது. குடம் உடைஞ்சா அதுவும் கிழியலாம். போறது குழந்தையோட ரத்தம். அதுகிட்ட இருக்கறதே ஒரு டம்ளர்தான்."

3

ஒரு கதாபாத்திரமாக இந்த டாக்டரை எனக்குப் பிடிக்கவே இல்லை. கதைக்கு ஆபத்து வேண்டும். அது பதுங்கி வளர்ந்து உச்சத்தில் பாய வேண்டும். இவரோ பதுங்கியிருக்கும்போதே காதைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். அவரைக் கொஞ்சம் அலட்சியக்காரராக மாற்றிப் பார்த்தேன். பேனா நகரவில்லை.

4

ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "வலி இல்ல, ஒரு சொட்டு ரத்தம் படல. எதுக்கு இப்பவே ஆஸ்பத்திரியில படுக்கணும்? எதுக்கு ஆபரேஷன்?"

"வலி வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கறதுதான் விஷயமே" என்றார் டாக்டர். "பிரேக் எப்ப போடணும்னு சொல்லிக் குடுப்பீங்க?"

அவள் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தபடி சொன்னாள். "முட்டறதுக்கு முன்னாடி."

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். சிக்னலில் இன்ஜின் அணைந்துபோனது. தப்பான பக்கம் திரும்பினேன். ஒரு பேருந்துக்காரர் என் பரம்பரையையே திட்டினார். அவள் ஒன்றையும் திருத்தவில்லை. கையை வயிற்றில் வைத்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

இந்தப் பகுதியில் பரபரப்பு கிடையாது, மன்னிக்கவும். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டில்காரிக்குப் படுக்கையிலேயே கியர் போடச் சொல்லிக்கொடுத்தாள். நாள் குறித்து, வலி வருமுன், குடம் உடையுமுன், வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் அலறவில்லை, பிள்ளையைத் தவிர.

"மச்சான், கத்தறான்! கத்தறான் மச்சான்!" என்று மாப்பிள்ளை பாய்ந்து கட்டிக்கொண்டார். என்னை அல்ல, காவலுக்கு நின்றவரை. அவரும் தட்டிக்கொடுத்தார்.

குறைமாதப் பிள்ளை என்பதால் சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். பிறகு வீட்டுக்கு வந்தான்.

6

ஆனால் வேறொரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். அதில் டாக்டர் ரிவர்ஸ் பற்றிப் பேசிக்கொண்டே ஸ்கேனை முடித்துவிடுகிறார். கலர் போடவில்லை. சில வாரம் கழித்து, வீட்டில், பனிக்குடம்

அங்கேயே நிற்கிறது. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.

நேற்று தங்கை அதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் பாதி வரியை மறுபடி, மறுபடி படித்தாள். பிறகு மடியிலிருந்தவனை என்னிடம் நீட்டினாள்.

"பிடி. ஒத்தக் கையில தூக்காதே, கழுத்து நிக்கல. ரெண்டு கையும் வேணும்."

"எழுதிட்டிருக்கேன்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வாங்கிக்கொண்டேன். சூடாக இருக்கிறான். என் சட்டையில் எதையோ கக்குகிறான். இரண்டு கையும் இவனிடம் இருக்கும்போது இந்த வரியை எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? முடிவு ஒன்று வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாதி வரியை மட்டும் தொடாதீர்கள்.