அப்பாவின் கட்டிலருகே ஒரு பிளக் பாயிண்ட்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை என் கணவர் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொண்டால் பரவாயில்லை.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மறுநாள் மதியம் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை நேராகச் சுவர் பிளக்கில்தான் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் கூடாது என்று நர்ஸ் படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்த அறையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் கதவோரத்தில். கட்டில் போட இடம் இருந்ததோ எதிர்ச் சுவரோரம். மெஷினின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது. கட்டிலை இந்தப் பக்கம் இழுத்தால் கதவு திறக்காது. அளந்து பார்த்துவிட்டேன், இரண்டு முறை.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே டெஸ்டர் அண்ணன்தான். அவருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம்தாம்மா வர முடியும். இங்க ஒரு பெரிய வேலைல மாட்டிக்கிட்டிருக்கேன்."

"அப்பா மதியமே வந்துடுவாருண்ணே."

"இன்னும் ஒரு நாலு மணி நேரம் ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டுமே."

வந்ததே எனக்குக் கோபம். சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். நாலு மணி நேரமாம். பதினோரு நாளாக அப்பா அங்கே சரியாகத் தூங்கவில்லை. மூக்கில் போகும் குழாயை ஒரு கையால் பிடித்தபடியேதான் கிடப்பார். பாத்ரூம் போய்வரும் நேரத்துக்குக் கழற்றி வைக்கலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அப்பா கேட்டால்தானே. குழாய் போனால் நானும் போய்விடுவேன் என்று ஒரே பிடி. எல்லாம் படுக்கையிலேயே, நர்ஸ் கொண்டுவந்து வைக்கும் பாத்திரத்திலேயே. முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், தன் சட்டையை இன்னொருவர் துவைக்க விடாதவர், ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அந்தப் பயம் கொஞ்சமாவது தெளியும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

"நானே போட்டுடறேன்" என்றேன்.

என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிதர். "உனக்கு அந்த வேலை தெரியுமா?" என்று கேட்டார்.

"என் தையல் மெஷின் மோட்டாரை யாரு பிரிச்சு மாட்டுறா? உங்க தாத்தாவா?"

"மோட்டார் வேற, சுவர் வேற."

"ஒயர் ஒண்ணுதானே. நீங்க டார்ச்சைப் பிடிங்க, போதும்."

கட்டில் போடும் சுவரில், தலைமாட்டுக்கு மேலே ஒரு ட்யூப்லைட் இருக்கிறது. அதற்குக் கரண்ட் வருகிறது. வருகிற கரண்ட்டை இரண்டு ஒயரில் கீழே இறக்கினால் பிளக் பாயிண்ட். இதற்கு ஒரு ஆள், அவருக்கு ஒரு சாயங்காலம். கடையில் பெட்டி, ஒயர், டேப் எல்லாம் வாங்கும்போது, "யாரும்மா போடறது?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆள் இருக்கு" என்றேன்.

மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, லைட்டைக் கழற்றினேன். சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. முறுக்கி, டேப் சுற்றி, ஒயரைச் சுவரோடு இறக்கி, கட்டில் உயரத்தில் பெட்டியை முடுக்கினேன். முடிய இரண்டு மணி நேரம் ஆனது. அதில் ஒரு மணி நேரம் கை தவறி விழுந்த ஒரு ஸ்க்ரூவைத் தேடியது. மெயினைப் போட்டதும் ட்யூப்லைட் பளிச்சென்று எரிந்தது. மிக்ஸியைக் கொண்டுவந்து சொருகினேன். கர்ரென்று ஓடியது. கணவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அப்பா வந்தார். மெஷினை வாடகைக்குக் கொடுத்த கடைப்பையன் அதைச் சொருகி ஓடவிட்டு, கரண்ட் போனால் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டரையும் அதைத் திறக்கும் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா குழாயைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

பீப் பீப் என்று சத்தம் கேட்டது.

ஓடினேன். மெஷின் நின்றிருந்தது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அப்பா விழித்துக்கொண்டு, இரண்டு கையாலும் குழாயைப் பற்றியபடி என்னையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா, கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

அப்பா மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

சிலிண்டர் கையில் கிடைத்தது, சாவி கிடைக்கவில்லை. அலமாரி, மேஜை, தலையணைக்கடி, எங்கும் இல்லை. சரி, பிளக்காவது லூசாக இருக்கும் என்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தவழ்ந்து நுழைந்து, அதை ஆட்டினேன், அழுத்தினேன், பிடுங்கிச் சொருகினேன். கட்டிலின் நிழலில் ஓட்டை எது என்றே தெரியவில்லை. "இருட்டா இருக்கு, லைட்டைப் போடுங்க" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் லைட்டைப் போட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இந்த லைட்டை யாரு அணைச்சது?" என்றேன்.

"நான்தான். மாமா தூங்கறாரே, கண்ணு கூசுமேன்னு."

அப்போதுதான் உறைத்தது. லைட்டுக்குப் போகிற கரண்ட், கதவோரச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. சுவிட்சை அணைத்தால் லைட்டோடு என் பிளக் பாயிண்ட்டும் செத்துப்போகும். லைட்டை அணைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பிழை திருத்துகிறவருக்கும் தோன்றவில்லை. ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்து அந்தச் சுவிட்ச் மேல் நாலு பட்டை ஒட்டினேன். திட்ட ஆள் தேடினேன். என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

சாயங்காலம் சொன்னபடி டெஸ்டர் அண்ணன் வந்தார். பெட்டியைக் கழற்றி, ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"முறுக்கு நல்லாத்தான் முறுக்கியிருக்கீங்க" என்றார். "ஆனா எர்த் எங்கம்மா?"

"குடுக்கல."

"மெஷின்ல ஏதாவது கோளாறுன்னா, தொட்டவங்களுக்கு ஷாக் அடிக்கும். நல்ல நேரம், அடிக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். சிலிண்டர் சாவி அதற்குள் என் ஊசி டப்பாவில் கிடைத்திருந்தது. அப்பாவை அதற்கு மாற்றிவிட்டு மெயினை அணைத்தோம். அண்ணன் கதவோரப் பிளக் பாயிண்ட்டிலிருந்து மூன்று ஒயரையும் சுவரோடு கொண்டுவந்து சேர்த்தார். பிறகு மெஷினை ஓடவிட்டு, லைட்டை மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டார். மெஷின் நிற்கவே இல்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அவர் போன பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, மதியம் கரண்ட் போகல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

"தெரியும். ஃபேன் சுத்திச்சே."

"மன்னிச்சிடுங்கப்பா."

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "எவ்வளவு நேரம் நின்னுச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"நாலு" என்றார் என் கணவர், கதவருகிலிருந்து. பொய்யைக்கூடத் திருத்தாமல் விடமாட்டார்.

"நாலு நிமிஷம்" என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவ்வளவுதான், போயிட்டேன்னு நெனச்சேம்மா. அப்புறம் பாத்தா, மூச்சு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. கொஞ்சம் இறைச்சுச்சு. ஆனா வந்துச்சு."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் குழாயைத் தானே கழற்றித் தலையணை மேல் வைத்தார். எனக்குப் பதறியது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"டாக்டர் சொன்னாருல்ல. கையைக் குடு."

ஒன்பது அடி. நடுவில் ஒரு முறை நின்றார், நானும் நின்றேன். பாத்ரூம் வாசலுக்கு வந்ததும் என் கையை விட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, "நீ வெளியவே நில்லு" என்றார்.