ஐந்து மாதம் குறைவு

கடையின் அச்சு இயந்திரத்திலிருந்து இளஞ்சூட்டோடு வந்த தாளை ரேணுகாம்பாள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். தென்றல் எழுதி, கைபேசியில் படமெடுத்து அனுப்பிய கடிதம் அது. 'கோபி என்னைக் கடத்தவில்லை. நானே விரும்பித்தான் வந்தேன்.' கையெழுத்தின் கீழே, காவல்துறை நம்ப வேண்டுமென்று தன் பிறந்த தேதியையும் அவளே எழுதியிருந்தாள்.

செங்கம் சாலையில் காபிக் கடையொன்றில் வேலை பார்க்கும் ரேணுகாம்பாளின் மகன் கோபி, இருபத்திரண்டு வயதுக்காரன், கீழ்பென்னாத்தூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தென்றலை அழைத்துக்கொண்டு ஆரணியில் நண்பன் வீட்டுக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. பெண்ணின் தகப்பன் புகார் கொடுத்துவிட்டான். பதினோரு மணிக்கு மகளிர் காவல் நிலையத்தில் ரேணுகாம்பாள் நிற்க வேண்டும். நிலையம் கடைக்கு எதிர்ச் சாரியில்தான் இருந்தது.

"இதக் குடுத்தா வுட்டுடுவாங்க இல்ல?"

மனு தட்டச்சு செய்து கொடுக்கும் அந்தக் கடையின் ஜாஹிரா, தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"பதினெட்டுக்கு அஞ்சு மாசம் கம்மிக்கா. இந்த வயசுக் கையெழுத்துக்கு ஒரு சிம் கார்டு கூடக் குடுக்க மாட்டான். போலீசு பையன வுடுமா?"

"அவளே சரின்னு சொல்றாளே."

"பதினெட்டு முடியற வரைக்கும் அவ சரின்னு சொல்றது சட்டத்தோட காதுல விழாதுக்கா."

"வெள்ளிக்கிழம கோயில்ல தாலி கட்டி வெச்சிடறோம்."

"அது இன்னொரு கேஸு. கட்டினவன், கட்டி வெச்ச நீங்க, எல்லாரும் உள்ள போவீங்க. பொண்டாட்டியே ஆனாலும் பதினெட்டுக்குக் கீழன்னா குத்தம் குத்தந்தான்."

"நான் பதினாறுல கட்டிக்கினு வந்தவ. யாரு கேஸு போட்டாங்க?"

"போட்டிருக்கணும்க்கா," என்றாள் ஜாஹிரா, தலை நிமிராமல்.

ரேணுகாம்பாள் தாளை மடித்தாள். போட்டிருக்க வேண்டுமா? பந்தல் போட்டார்கள், மேளம் வைத்தார்கள், ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். சம்மதமா என்று கேட்டவர் உண்டா? பெற்றவன் கேட்டானா? கட்டியவன் கேட்டானா? அட்சதை தூவிய நூறு கைகளில் ஒரு கையேனும் தயங்கியதா? அன்று வராத சட்டம், தேடாத சட்டம், முப்பது ஆண்டு கழித்து அவள் பிள்ளையைப் பிடிக்க வந்திருக்கிறது. அதை வசைபாட நாக்கு எழுந்தது. ஆனால் அந்தப் பதினாறு வயதுப் பெண் உள்ளேயிருந்து அந்த நாக்கைப் பிடித்து இழுத்தாள்.

"மொதல்ல பொண்ண அவங்க ஊட்டுல கொண்டாந்து வுடுங்க. ஒரு லாயரப் பாருங்க," ஜாஹிரா குரலைத் தாழ்த்தினாள். "கூட்டினு போனது ஒரு கேஸு. அதுக்கு மேல ஏதாவது நடந்திருந்தா போக்சோ. பத்து வருஷத்துக்குக் கம்மி இல்ல. லாயரு அதத்தான் மொதல்ல கேப்பாரு. தெரிஞ்சிக்கினு போங்க."

மகனுக்கு மீசை அரும்பிய நாள் முதல், அவன் அறைக்குள் செருமாமல் நுழைந்ததில்லை அவள். அந்த வாயால் எப்படிக் கேட்பது? கேட்காமல் எப்படி இருப்பது? வெளியே வந்து மகனின் எண்ணை அழுத்தினாள்.

"லெட்டரு வந்துச்சாம்மா?"

"கோபி. அந்தப் பொண்ணாண்ட நீ எப்டி நடந்துக்கின? மறைக்காம சொல்லு."

"இன்னாம்மா கேக்கற?"

இல்லை என்று அவன் சொல்லவில்லை. பத்து வருடம் என்பது வெறும் சொல்லாக இல்லாமல் ஆயிற்று.

"யாரு, அத்தையா? குடு, நான் பேசறேன்." தென்றலின் குரலை அவள் கேட்பது இதுதான் முதல் முறை. டீச்சரிடம் விடுப்புக் கேட்கிற குரல். இவ்வளவு சின்னக் குரலா?

"அத்த, நீங்க பயப்படாதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வாயா என, மகனைக் காக்கும் கேள்வி ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. வந்தது வேறு.

"உனக்கு ஊட்டுக்குப் போவணும்னு இருக்குதாம்மா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடியும். சாலையின் எதிர்ப் பக்கத்தில், நிலைய வாசலுக்கு வந்த பெண் காவலர் ஒருவர், கண்ணுக்கு மேல் கைவைத்து, பதினோரு மணிக்கு வரச் சொன்ன ஆளை ஆட்டோக்களின் நடுவே தேடினார்.