ஆறு மணித் தண்ணி

தருமன் தறியில் உட்கார்ந்தால் பட்டு பேசும். மதுக்கடையில் உட்கார்ந்தால் அவரே பேசுவார், நிறுத்தவே மாட்டார். மனைவி இறந்த பிறகு கடைப் பேச்சு அதிகமாகிவிட்டது. ஒரு நாள் போதையில் ஆறு வயது மகள் நிலாவை ஆரணி பஸ் ஸ்டாண்டில் மறந்து விட்டுவிட்டு, தான் மட்டும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய், "என்னால வளக்க முடியாது" என்று ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டார். அறுபது நாளுக்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் குழு நம்ப வேண்டும். இல்லையென்றால் பெற்றவன் என்ற உரிமை போய்விடும், நிலா வேறு யாருக்கோ தத்துப் போய்விடுவாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் தருமன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, திருவண்ணாமலையில் குழுத் தலைவர் துர்கா முன் நின்றார். குழந்தைகள் இல்லத்திலிருந்து பொறுப்பாளர் ஜாய்ஸ் நிலாவைக் கூட்டி வந்திருந்தார். இத்தனை நாளில் ஒரு சொட்டும் தொடவில்லை என்று தருமனிடம் டாக்டர் சீட்டு இருந்தது. துர்காவோ சீட்டை நம்புகிற ரகம் இல்லை.

"அப்பாகிட்ட பேசுறியா கண்ணு?"

"தினம் பேசுவேன். ஜாய்ஸ் அக்கா போன் போட்டுக் குடுப்பாங்க."

"அப்ப அப்பா என்ன பண்ணிட்டிருப்பார்?"

நிலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தண்ணி அடிச்சிகினு இருப்பாரு!"

துர்கா பேனா மூடியைக் கழற்றினார். தருமன் டாக்டர் சீட்டை அவசரமாக நீட்டினார்.

"தினமுமா?"

"ஆமா, டான்னு ஆறு மணிக்கு. நான்தான் எண்ணுவேன். நேத்து பதினாலு!"

"பதினாலா!" பக்கத்திலிருந்த உறுப்பினர் நெஞ்சில் கை வைத்தார்.

"பதினாலு குடம்," என்றாள் நிலா.

விளக்கிச் சொல்லத்தான் ஜாய்ஸ் வாயைத் திறந்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"அடி பம்புங்கம்மா!" என்று தருமன் அலறினார். "எங்க தெருவுல கீது. ஆறு மணியானா குடிக்கிற நெனப்பு வந்துடும், கை பேஜார் பண்ணும். அதான் யாருக்குத் தண்ணி வேணும்னாலும் நானே அடிச்சுக் குடுத்துகினு கீறேன். தெருவே ரெண்டு வேளை குளிக்குதுங்க!"

துர்காவாலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது குரல் மாறியிருந்தது. "மறுபடி விழுந்தா?"

"விழமாட்டேன்னு சத்தியம் பண்ண வாய் வரலீங்க. அதெல்லாம் நெறைய பண்ணியாச்சு. இன்னிக்கி ஆறு மணியத் தாண்டிடுவேன். நாளைக்கி ஆறு மணிய நாளைக்கிப் பாத்துக்கறேன்."

அந்தப் பதில் துர்காவுக்குப் பிடித்துவிட்டது. மாதம் ஒருமுறை அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்ற நிபந்தனையோடு பத்திரத்தை ரத்து செய்தார். நிலா ஓடிவந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். தருமனுக்கு மகிழ்ச்சியில் செருப்பை எங்கே விட்டோம் என்பதே மறந்துபோனது.

ஆரணிக்குத் திரும்பும் வழியில் பஸ் போளூரில் நின்றது. "பத்து நிமிஷம் நிக்கும். டீ குடிக்கறவங்க ஜல்தி குடிச்சிட்டு வாங்க," என்றார் கண்டக்டர். தருமன் ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே டீக்கடை, அதற்கு அடுத்தாற்போல் அந்தக் கடை. மணி சரியாக ஆறு. அடி பம்போ ஆரணியில் இருந்தது. தொடைமேல் வைத்திருந்த கை தானாக ஆட ஆரம்பித்தது. தருமன் பயந்தே போனார்.

நிலா அந்தக் கையைப் பார்த்தாள். "அப்பா, மணி ஆறாயிடுச்சா?"

"ஆயிடுச்சும்மா."

"அப்ப இன்னும் ஏன் அடிக்கல?"

அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்கி, கீழே அழுத்தினாள். "ஒண்ணு." மறுபடியும் தூக்கி அழுத்தினாள். "ரெண்டு."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "இன்னா பாப்பா பண்ற?"

"எங்கப்பா தண்ணி அடிக்கிறாரு!"

பஸ்ஸே சிரித்தது. தருமனும் சிரித்தார், கண்ணைத் துடைக்க அவருக்கு ஒரு கைதான் மிச்சம் இருந்தது. பஸ் கிளம்பியபோது நிலா அறுபதைத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.