தொண்ணூற்று ஆறு டிகிரி

லிஃப்ட் மெக்கானிக்கின் கம்ப்யூட்டர் அன்று காலையும் படக்கென்று அணைந்துபோனது. கார் பந்தயத்தில் கடைசிச் சுற்று, முன்னால் ஒரே ஒரு வண்டிதான் பாக்கி. வேறொருவனாக இருந்தால் மேசையை ஒரு குத்து குத்தியிருப்பான், கெட்ட வார்த்தை ஒன்றாவது உதிர்த்திருப்பான். இவன் கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேபினெட் மேலே மடித்துக் கிடந்த நோட்டை எடுத்து எழுதினான்: ஞாயிறு, பதினொன்று பத்து, தொண்ணூற்று ஆறு டிகிரி, நின்றது. காரணம் என்ற கட்டத்தில் மூன்று வருஷமாக எழுதுவதையே எழுதினான்: பஞ்சு.

அட மனுஷா, பஞ்சு எங்கேயிருந்து வரும்? பஞ்சு பறக்கவிட்ட ஆள் வீட்டை விட்டுப் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது!

அவன் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஜாக்கெட், தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின், எதிர்ச் சுவரில் இவனுடைய கம்ப்யூட்டர். இவனே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கம்ப்யூட்டர். கோத்த முதல் வாரமே சூடாகி நின்றது. பக்கத்து மூடியைக் கழற்றினான். ஃபேனில் நீல நூல் இரண்டு சுற்றிக்கொண்டிருந்தது. போச்சு, தீர்ப்பு எழுதியாயிற்று. அன்றிலிருந்து எப்போது சூடானாலும் "உன் பஞ்சுதான்" என்பான். அவள் இரண்டு வேளை கூட்டினாள், ஈரத் துணியால் துடைத்தாள், திரைச்சீலை கட்டினாள். சூடு அசைந்து கொடுக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இவன் ஒற்றைக் காலில் நின்று, தையல் மெஷினைச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில் கொண்டுபோய்ப் போட வைத்தான். அங்கே பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஊசியில் நூல் கோக்க அவள் மெஷினை விட்டு எழுந்து, ஊசியோடு ஜன்னலுக்கு வந்து, கோத்துக்கொண்டு திரும்பிப் போவாள். இவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருப்பான்.

அவள் போன அன்றைக்குச் சண்டை எதுவும் இல்லை. ஒரு பையில் நாலு துணியை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுல ஒரு பத்து நாள் இருந்துட்டு வர்றேங்க" என்றாள். இவன் "சரி" என்றான். அவ்வளவுதான். மகாராசன் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பத்து நாள் போயிற்று, இருபது போயிற்று. இவன் இரண்டு தடவை போன் போட்டான். எதற்கு? தலைவலி மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க ஒரு தடவை, மழைக்கோட்டு எங்கே என்று கேட்க ஒரு தடவை. "மேல் தட்டுல" என்றாள். "கதவுக்குப் பின்னால" என்றாள்.

இவனுக்கு வருத்தமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், ரொட்டியைப் பாலில் முக்கித் தின்றான், தூங்கினான். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி எல்லாம் பெய்து வழிந்து போயிற்று. உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். தையல் மெஷின் இங்கேதானே இருக்கிறது, அதை விட்டுவிட்டு அவள் எங்கே இருப்பாள், வந்துவிடுவாள். இருட்டு நடையில் தினமும் அதில் முழங்காலை இடித்துக்கொண்டான். நகர்த்தி வைக்கவில்லை.

நேற்று மச்சான் போன் செய்தார். அவளுடைய அண்ணன், ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். "மாப்ள, நாளைக்கு நாலு மணிக்கு நானும் தங்கச்சியும் வர்றோம். அந்தத் தையல் மெஷினை எடுத்துட்டுப் போயிடறோம். முன் ரூம்ல போட்டுக்கறேங்கறா."

"சரி மச்சான்" என்றான். போனை வைத்த பிறகும் அந்தச் "சரி" காதிலேயே நின்றது.

நாலு மணிக்கு இன்னும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இருந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். போன வாரம்தான் காற்று அடித்து, பிரஷ் போட்டு, உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் சுத்தம் செய்திருந்தான். நாலைந்து நூல் பிசிறு கிடைத்தது. அதை விரலில் எடுத்து "பார்த்தியா?" என்று காலி அறையிடம் காட்டினான், நல்ல ஆள்தான். ஆனால் அதற்குப் பிறகும் தொண்ணூற்று ஆறு. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு சிறிய ஊசிக் குழாயைக் கையில் கொடுத்து, "தூசி போயும் சூடுன்னா, கூலருக்கு அடியில இருக்கற பேஸ்ட் காஞ்சிருக்கும். கழட்டித் துடைச்சிட்டு இதை வைங்க" என்று சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூட்டை, அதன் மேல் உட்கார்ந்து குளிர்விக்கும் கூலருக்குக் கடத்துவது அந்தப் பசைதான். இவன் கோத்த நாளிலிருந்து கூலரைக் கழற்றியதே இல்லை. கழற்றுவானேன்? கோத்தது யார், இவனாயிற்றே!

நாலு திருகாணியையும் குறுக்கு மறுக்காகத் தளர்த்தினான். கூலர் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வரும் என்று பார்த்தால் லேசாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தான். செம்பு அடிப்பாகத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாள், மெல்லிய பிளாஸ்டிக். ஓரமெல்லாம் பழுத்துச் சுருங்கியிருந்தது. அதில் சிவப்பு எழுத்து இன்னும் அழியவில்லை: பொருத்தும் முன் உரிக்கவும்.

புதுப் பொருளில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புகிற தாள். பசைக்கும் செம்புக்கும் நடுவே அதை வைத்தே முடுக்கியிருக்கிறான். முதல் வாரமே சூடானது அதனால். மூன்று வருஷமும் சூடானது அதனால். இதையே வேலையில் ஒரு புதுப் பையன் செய்திருந்தால் "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பான்.

ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தான். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதைத் தொடையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. கால் மரத்துப்போனதுதான் தெரிந்தது.

பிறகு பழைய பசையைத் துடைத்தான். பட்டாணி அளவுக்குப் புதுப் பசை வைத்தான். கூலரை இறக்கி முடுக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, பந்தயத்தை ஓடவிட்டு, விளையாடாமல் திரையின் மூலையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று, ஐம்பத்து நாலு. விமானம் கிளம்புகிற மாதிரி அலறும் ஃபேன் இருக்கிற இடம் தெரியவில்லை. குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது.

நாலு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.

"என்ன மாப்ள, லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் இல்ல, நாலு மாடி ஏறி முட்டி கழண்டுபோச்சு" என்று மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். எப்போதும் சொல்கிற ஜோக்தான். பின்னால் அவள். கொஞ்சம் இளைத்திருந்தாள். செருப்பை வாசலில் விருந்தாளி மாதிரி ஓரமாக விட்டாள்.

"வா" என்றான்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

அவள் நேராக நடைக்குப் போய் மெஷினின் பெல்ட்டைக் கழற்றினாள், நூல் சுற்றிய பாபினை எடுத்துப் பையில் போட்டாள். இவன் பின்னாலேயே போய் நின்றான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான்.

"இது என்னது?"

"கூலருக்கு அடியில இருந்துச்சு. நான்தான் உரிக்க மறந்துட்டேன்."

நடை விளக்கில் அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தை உதடு அசையப் படித்தாள்.

"மூணு வருஷமா?"

"மூணு வருஷமா."

"என்னம்மா அது, ஸ்டிக்கரா?" என்றார் மச்சான்.

"ஸ்டிக்கர்தான்ணே" என்றாள். ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. "இப்போ எவ்வளவு காட்டுது?"

"ஐம்பத்தி நாலு."

அவளுக்கு அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியும். மூன்று வருஷம் அவளும் சேர்ந்துதானே பார்த்தாள். அவள் அறைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். "சத்தமே இல்ல" என்றாள். தாளை நாலாக மடித்து இவன் சட்டைப் பையிலேயே போட்டாள். "நோட்டுல எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எழுதுங்க. மடிச்சு வச்சு எழுதாதீங்க, நல்லா விரிச்சு வச்சு எழுதுங்க."

போகாதே என்று சொல்ல வேண்டும். இருபது வருஷம் நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் அலறுகிற ஜனங்களுக்கு வெளியே நின்று தைரியம் சொன்ன வாய் அது. "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று சொல்லியே பழகிய வாய். அன்றைக்கு அது திறக்கவில்லை. "நான் ஒரு பக்கம் பிடிக்கறேன் மச்சான்" என்றான்.

இரும்புக் கால் வைத்த மெஷின், பிணக்கனம். மச்சான் முன்னால், இவன் பின்னால், அவள் துணிமூட்டையோடு கடைசியில். ஒவ்வொரு திருப்பத்திலும் மச்சான் "இறக்கு, இறக்கு, சாய்ச்சிடாத" என்றார். ரொட்டி வேனின் பின்கதவு சாத்திக்கொண்டது. அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டு, "வர்றேங்க" என்றாள். இவன் தலையாட்டினான். வேன் திரும்பிப் போயிற்று.

மேலே வந்தபோது நடையில் முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. தரையில் மெஷின் நின்ற இடத்தில் நாலு வட்டம் அழுக்கில்லாமல் இருந்தது. இவன் அதைத் தாண்டி அறைக்கு வந்து, நோட்டை எடுத்து, அவள் சொன்னபடி மேசையில் அகல விரித்து வைத்தான்.

இடது பக்கம் முழுக்க எழுத்து. பொடி எழுத்து, அவளுடையது.

அது கம்பெனியில் வீணாகக் கிடந்த லிஃப்ட் பராமரிப்பு நோட்டு. சுருள் கம்பி போட்டது. வலது பக்கம் மெக்கானிக் எழுதுவதற்கு. இடது பக்கம் கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் குறை எழுதுவதற்கு. ஒவ்வொரு குறைக்கும் கீழே 'வந்து பார்த்தவர் கையொப்பம்' என்று ஒரு கோடு. வீட்டில் யார் குறை எழுதப்போகிறார்கள் என்று இவன் எப்போதும் பின்னால் மடித்துப்போட்டு வலது பக்கத்தில் மட்டும் எழுதிவந்தான்.

முன்னால் புரட்டினான். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதியில் முதல் குறை: மெஷின் வைத்த இடத்தில் வெளிச்சம் இல்லை. கீழே கோடு காலி. அடுத்தது: விரலில் ஊசி ஏறிவிட்டது. காலி. பிறகு ஒரு மாதம் முழுக்க, இவன் வலது பக்கத்தில் பஞ்சு பஞ்சு என்று எழுதிய தேதிகளுக்கு நேராக, ஒரே வரி. இன்று தைக்கவில்லை, ஆனாலும் நின்றது. இன்றும் தைக்கவில்லை, நின்றது. இன்றும் தைக்கவில்லை. எண்ணிப் பார்த்தான், பதினாறு தடவை. எல்லாவற்றுக்கும் கீழே கோடு காலி.

கடைசிக் குறை அவள் போன நாளில் எழுதியது. எழுத்து கோணவில்லை, நிதானமாக எழுதியிருந்தாள். 'வீட்டில் ஆள் இருந்தும் பேச்சு இல்லை. பத்து நாள் அண்ணன் வீட்டில் இருப்பேன். அதற்குள் வந்து பார்க்கவும்.'

இவன் அவள் வருவாள் என்று உட்கார்ந்திருந்தான். அவள் இவன் வருவான் என்று உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் சுரீரென்று ஒரு வலி கிளம்பியது. நாற்பத்து மூன்று நாளில் முதல் வலி. கண் எரிந்து, எழுத்து கலங்கியது. ஐயோ, வலிக்கிறது என்று வாய்விட்டே சொன்னான்.

பேனா கையில்தான் இருந்தது. வந்து பார்த்தவர் கையொப்பம், கோடு காலியாக இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் வேனுக்குள் உட்கார்ந்தபடியே பத்துக் கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நேரில் போய்ப் பார்க்காத குறைக்கு இவன் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. நோட்டை விரித்தபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல், செருப்பை மாட்டினான்.