திரையில் பெரட்டு

குருவிட்டயில் பாறூக் முதலாளியின் தியேட்டரில், ஞாயிறு மாலைக் காட்சியில், படத்துக்குள் முதுகைக் காட்டி நின்ற தோட்டத்துச் சனம் அத்தனையும் திரும்பி நின்றது. டிக்கட் விலை அதற்காகக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முந்தின வருஷம்தான் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் மாத்தெனியத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கதையாம். உள்ளதை உள்ளபடி காட்டப்போவதாக இயக்குநர் சொன்னார். கங்காணி கோகிலா அதை நம்பித் தொலைத்தாள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிறவள் அவள்தான். அதே வாயால் கூப்பிட்டுப் படத்துக்கும் ஆள் சேர்த்துக் கொடுத்தாள். நோயில் கிடந்த தாய் சின்னம்மாவையும் எழுப்பி, தலைவாரி, கூடையை மாட்டி அழைத்துப் போனாள். தன் முகத்தைப் பெரிய திரையில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், சின்னம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

கொழுந்து பறிக்கும் கதாநாயகியாக வந்தவளோ கொழும்பு நடிகை. எலுமிச்சை நிறம். முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயத்தை அப்பிக்கொண்டு வந்து நின்றாள். அசல் கறுப்பிகள் அங்கேயே வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்கு அவளுக்குப் பின்னால் திரும்பி நிற்கும் வேலை! சின்னம்மா ஒருதரம் முகத்தைத் திருப்பிவிட்டாள். "ஏய் கிழவி, திரும்பாதே! உன் மூஞ்சி யாருக்கு வேணும்? முதுகு போதும்" என்று இயக்குநர் கத்தினார். அன்றிலிருந்து சின்னம்மா லயத்து வீட்டுச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். படம் வருவதற்குள் செத்தும் போனாள். கோகிலா கொழும்புப் பக்கம் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கட் எடுத்து உட்கார்ந்தாள். திரையில் தாயின் முதுகு தெரிந்தது. கோகிலா எழுந்து நின்று, பெரட்டுக் குரலில், "சின்னம்மா!" என்று கூப்பிட்டாள். பெரட்டில் தன் பேர் கேட்டுத் திரும்பாமல் இருந்தால் அன்றைக்கு வேலையில்லை. அந்தப் பழக்கம் செத்தாலும் விடாது போல. சின்னம்மா திரும்பினாள். திரை நிறைய அவள் முகம்.

"இந்தா இருக்கேன்டி" என்றாள்.

கோகிலா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே மற்றவர்களையும் கூப்பிட்டாள். அழகமுத்து வெற்றிலைக் குதப்பலோடு திரும்பினார். ஒவ்வொருவராகத் திரும்பி முன்னால் வந்து நிற்க, நெருக்கியடித்ததில் நடிகை பின்வரிசைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

அதற்குப் பிறகு இரத்தினபுரியிலும் அப்படித்தான், கொழும்பிலும் அப்படித்தான், கைத்தொலைபேசியில் பார்த்தாலும் அப்படித்தான். இயக்குநர் வெட்டிப் பார்த்தார், ஒட்டிப் பார்த்தார். கடைசியில் காரை எடுத்துக்கொண்டு லயத்துக்கே வந்தார்.

"உங்க ஆளுங்களைப் பழையபடி நிக்கச் சொல்லுங்கம்மா."

"நான் கூப்புடுறதோட சரிங்க. திரும்பிக்கன்னு யாரையும் சொன்னதில்ல."

"சரி, அந்த நடிகையையாவது ஒருக்கா கூப்பிடுங்க. முகம் தெரிஞ்சா போதும்."

கோகிலா ஆற அமர அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவுங்க பேரு எங்க பெரட்டுல இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பாறூக் முதலாளி அந்தப் படத்தை இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார். கோகிலா தவறாமல் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருகிறாள். பின்வரிசையில் முதுகு காட்டி நிற்பது யாரென்று பெல்மதுளையிலிருந்து வருகிறவர்கள்கூடக் கேட்பதில்லை.